தோட்டத்து முதுகுவலியும் இருவகைக் கைமருத்துவமும்

உடலால் உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு முதுகே மூலதனம். அம்முதுகு ஒரு நாள் பிடித்துக்கொண்டால் யாரிடம் போவது என்னும் கேள்வி மலாக்கா மாநிலத்துத் தமிழர் குடும்பங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. பாட்டனார் காலத்தில் அதற்கு விடை எளிதாக இருந்தது. லயத்தின் கோடியில் எண்ணெய் போட்டு உருவிவிடும் பெரியவர் ஒருவர் இருப்பார், அவரிடம் போனார்கள். பேரன் காலத்தில் விடை அவ்வளவு எளிதாக இல்லை. உருவிவிடுவோர் ஒரு பக்கமும், முதுகெலும்பைச் சொடுக்கிச் சீர்செய்யும் 'கைரோபிராக்டிக்' நிலையங்கள் மறுபக்கமுமாக நகரம் அவனை அழைக்கிறது. முன்னது பழையது, ஆகவே நம்பத்தக்கது என்பார் சிலர். பின்னது மேனாட்டு விஞ்ஞானம், ஆகவே உயர்ந்தது என்பார் வேறு சிலர். இவ்விரு முடிவும் வரலாறு அறியாமையால் விளைந்தவை. இரண்டின் பிறப்பு வளர்ப்பையும் எண்ணிப் பார்ப்போருக்கு உண்மை வேறாகத் தோன்றும்.

மூன்று ஆண்டுகள்

1894, 1895, 1896 என்னும் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்ச்சிகள் உலகின் மூன்று மூலைகளில் நடந்தன.

1894-இல் இலண்டனில் தாதியரும் மருத்துவச்சியருமான நான்கு பெண்மணிகள் 'பயிற்சி பெற்ற உருவுநர் சங்கம்' ஒன்றைத் தோற்றுவித்தனர். 1895-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பார் ஒருவரது முதுகெலும்பை அழுத்தி, கைரோபிராக்டிக் என்னும் முறைக்கு அடிகோலினார். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார், சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைவர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலை ஏற்று, ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. புக்கிட் ஆசாகானில் அவர் அடுத்துத் திறந்த தோட்டம் பல்லாயிரம் ஏக்கருக்கு வழிகாட்டிற்று.

மூன்றாவது நிகழ்ச்சி தமிழர் முதுகுக்கு வலியைத் தந்தது. முதல் இரண்டும் அவ்வலிக்கு மருந்து சொல்ல நெடுங்காலங் கழித்து இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் அம்முதுகைக் காத்தது கப்பலில் கூடவே வந்த கை.

பால்மரமும் உடலும்

ரப்பர் மரம் சீவுவது பார்வைக்கு இலேசான வேலை. வெட்டுப் புதிதாகத் தொடங்கும்போது கோடு மார்பளவில் இருக்கும். ஆண்டுதோறும் பட்டை சீவச் சீவ அது கீழிறங்கும். கோடு முழங்காலுக்குத் தாழ்ந்த பின்னர், சீவுபவர் ஒவ்வொரு மரத்தடியிலும் இடுப்பை மடித்து, கழுத்தைத் திருப்பி, மணிக்கட்டை இழுத்து உளியை ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்குரிய மரங்கள் சில நூறு. அதன் பின் பால் எடுத்துக் காண்டா வாளிகளில் நிரப்பி, தோளில் கம்பு தாங்கி, மேடு பள்ளம் கடந்து கொட்டகை சேர வேண்டும். வலப்பக்கமே தோள் மாற்றாமல் சுமந்தவருக்குக் கழுத்துப் பிடிப்பும், குனிந்தே நின்றவருக்கு இடுப்புப் பிடிப்பும் வருவது இயல்பு.

ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோது வலியின் இடம் மாறியதேயன்றி வலி மாறவில்லை. உயர்ந்த மரத்தில் நீண்ட கழியின் நுனியிலுள்ள அரிவாளால் குலை தள்ளுவோர் அண்ணாந்தே நிற்கின்றனர். விழுந்த குலையோ பல சமயம் 20 கிலோவுக்கு மேற்படும். அதைத் தூக்கி வண்டியில் ஏற்றும் வேலை இடுப்பைச் சோதிக்கிறது.

அந்நாளில் கூலி நாட்கணக்கு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுக்காதவருக்கு அன்றைக் கூலி இல்லை. ஆகவே தோட்டத் தொழிலாளிக்கு, 'இந்த வலி ஏன் வந்தது?' என்பதைவிட 'நாளைக் காலை குனிய முடியுமா?' என்பதே முதற் கேள்வியாயிற்று. தோட்ட மருத்துவமனைகளும் டிரஸ்ஸர்களும் பெரிதும் போரிட்டது மலைக்காய்ச்சலோடும் வயிற்றுக் கடுப்போடும் ஆகும். அவை உயிர் குடிக்கும் நோய்கள். இடுப்பு வலி உயிர் குடிக்காது. ஆகவே அதற்கு ஒரு பூச்சு மருந்தும் மாத்திரையும் போதும் என்று கருதப்பட்டது. அந்த வெற்றிடத்தில் நின்றவரே உருவிவிடும் பெரியவர்.

கப்பலில் வந்த கை

தமிழ் நாட்டில் கைமருத்துவம் நாட்டுப்புற வழக்கமாக மட்டும் இருந்ததன்று. சித்த மருத்துவ நூல்கள் அதனைத் 'தொக்கணம்' என வழங்கும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இவற்றுள் தட்டல், பிடித்தல், அழுத்தல் ஆகியவை தசையைப் பற்றியவை. இழுத்தல், முறுக்கல், அசைத்தல் ஆகியவை மூட்டைப் பற்றியவை. எனவே, தசையை உருவுவது கீழ்நாட்டுக் கலை, மூட்டை அசைப்பது மேனாட்டுக் கலை என்று பிரிப்பது பொருந்தாது. ஒரே கை இரண்டையும் செய்த மரபே தமிழர் மரபு.

தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் ஆசான்மார் போற்றிய வருமக் கலை இன்னொரு கிளை. படுவருமம் 12, தொடுவருமம் 96 என 108 இடங்களை அது எண்ணும். எந்த இடத்தைத் தொட்டால் நலம் என்பதை மட்டுமன்றி, எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதையும் அது கற்பித்தது. தீங்கு செய்யும் ஆற்றல் தன் கைக்கு உண்டு என்று உணர்ந்த மருத்துவமே பொறுப்புள்ள மருத்துவம் என்பதற்கு அது சான்று.

ஆனால் ஆட்கட்டிகளும் கங்காணிகளும் திரட்டி அனுப்பிய கப்பல்களில் ஓலைச்சுவடிகள் ஏறவில்லை. உழவரும் கூலியாட்களுமே ஏறினர். ஊரில் பாட்டியிடமும் மாமனிடமும் பார்த்துப் பழகிய கைப்பழக்கம் மட்டுமே அவர்களோடு வந்தது. சுளுக்கு வழித்தல், குடலேற்றம் தட்டுதல், பிள்ளை பெற்ற தாய்க்கு எண்ணெய் தேய்த்து வேது பிடித்தல், கைக்குழந்தைக்கு உடம்பு பிடித்தல் என அது லயங்களில் வாழ்ந்தது. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் நொச்சித் தழையும் அதன் கருவிகள். சுளுக்கெடுப்பதற்குக் காசு கேட்பது பாவம் என்ற நம்பிக்கையும் பல இடங்களில் இருந்தது. வெற்றிலை பாக்கோடு முடிந்த மருத்துவம் அது.

அண்டை அயலார் கைகளும் அதனோடு சேர்ந்தன. மலாய்க் கம்பங்களில் 'ஊருட்' என்னும் உருவு முறையும், பிடான் என்னும் மருத்துவச்சியின் பணியும் சிறந்திருந்தன. சீன வைத்தியர் கடைகளில் அடிபட்ட மூட்டைச் சீர்செய்து பசை மருந்து வைத்துக் கட்டினர். 1926-இல் ஆவ் சகோதரர்கள் தம் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தபின் புலித் தைலம் ஜாசின், அலோர் காஜா கடைத்தெருக்கள் வழியே தோட்டங்களிலும் புகுந்தது. தமிழர் மலாய்க்காரரிடமும் மலாய்க்காரர் சீனரிடமும் சென்று உடம்பைக் காட்டுவதில் இந்நாட்டில் வேற்றுமை பார்க்கப்படவில்லை. வலி இனம் அறியாது.

டேவன்போர்ட் நகரத்துக் கதை

கைரோபிராக்டிக் என்னும் முறை ஆய்வுக் கூடத்தில் பிறந்ததன்று என்பதைப் பலர் அறியார். பால்மர் கனடா நாட்டில் 1845-இல் பிறந்தவர். மருத்துவக் கல்லூரி வாசலை மிதியாதவர். கையைத் தடவிக் காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பிழைத்து வந்தவர். 1895 செப்டம்பரில் அவர் இருந்த கட்டடத்துப் பணியாளரான ஹார்வி லில்லார்டு என்னும் கறுப்பினத்தவர், 17 ஆண்டுகளாகக் காது சரிவரக் கேளாதவர், அவரிடம் வந்தார். முதுகெலும்பில் ஒரு மேட்டைக் கண்டு, அதனை அழுத்தியதும் செவிப்புலன் திரும்பியது என்று பால்மர் பறைசாற்றினார். செவி நரம்பு முதுகெலும்பு வழியே செல்வதில்லையே என்று மருத்துவர்கள் மறுத்தனர். பால்மர் அதைப் பொருட்படுத்தாமல், நோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்புக் கணுக்கள் விலகுவதால் வருவன என்று ஒரு கொள்கையே வகுத்துவிட்டார்.

அவரிடம் நோயுற்று வந்த பாதிரியார் சாமுவேல் வீடு என்பவர், கிரேக்க மொழியில் 'கை' என்றும் 'செயல்' என்றும் பொருள்படும் இரு சொற்களை இணைத்து இம்முறைக்குப் பெயர் சூட்டினார். அக்கிரேக்கச் சொல் 'கெய்ர்' என்று ஒலிப்பதும், தமிழ்ச் சொல் 'கை' என்று ஒலிப்பதும் தற்செயலான ஒற்றுமையே. பொருள் மட்டும் ஒன்று: இதுவும் கைமருத்துவமே.

1906-இல் உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காகப் பால்மர் சிறை சென்றார். ஆயினும் அவர் 1897-இல் தொடங்கிய பள்ளி மூடப்படவில்லை. அவர் மகன் பி. ஜே. பால்மர் அதனைப் பெருக்கினார். 1913-இல் கான்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்கு முதன்முதல் உரிமச் சட்டம் இயற்றிற்று. 1974-இல் லூயிசியானா கடைசியாக அதில் சேர்ந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் நெடுங்காலம் இத்தொழிலாளரை விலக்கி வைத்தது. அதனை எதிர்த்து 1976-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், சங்கம் நேர்மையற்ற தடை செய்தது என 1987-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் செய்யும் உரிமை பற்றியதே அத்தீர்ப்பு. பால்மரின் கொள்கை மெய் என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இலண்டன் பெண்மணிகள் வழி

இனி 1894-க்குத் திரும்பினால், அதே கால இலண்டனில் உருவுத் தொழில் வேறொரு சோதனைக்கு உள்ளானது. உருவு நிலையங்கள் சில தகாத தொழிலுக்குத் திரையாக நடப்பதாகப் பெரும் பழி எழுந்தது. அப்பழியைத் துடைக்க எண்ணிய நான்கு பெண்மணிகள் தம் சங்கத்துக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வகுத்தனர். மருத்துவர் சொல்லாமல் எந்த நோயாளியையும் தொடுவதில்லை என்பது அவர்கள் மேற்கொண்ட கட்டுப்பாடு. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அவர்கள் ஆற்றிய தொண்டு அவர்களை உயர்த்திற்று. 1920-இல் அரச ஆணை பெற்ற அச்சங்கம், 1944-இல் இயன்முறை மருத்துவர் சங்கம் எனப் பெயர் பெற்றது. இன்று மருத்துவமனைகளில் 'பிசியோதெரபி' எனப்படுவது அந்த வழியில் வந்தது. அதாவது, உருவிவிடும் கை தேர்வெழுதி, உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழைந்த வடிவம் அது.

இந்த மூன்று கதைகளும் ஒன்றைக் காட்டுகின்றன. தோட்டத்துப் பெரியவரும் டேவன்போர்ட் பால்மரும் இலண்டன் பெண்மணிகளும் தொடங்கிய இடம் ஏறத்தாழ ஒன்றே: கையும் அனுபவமும். அறிவில் ஒருவர் உயர்ந்தவர் மற்றவர் தாழ்ந்தவர் என்பதற்கில்லை. பின்னவர் இருவரும் பள்ளி அமைத்தனர், எழுதி வைத்தனர், தேர்வு நடத்தினர், சட்டத்துக்கு உட்பட்டனர். தோட்டத்துப் பெரியவரின் கையை யாரும் எழுதி வைக்கவில்லை. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோதும் குடும்பங்கள் நகரோரக் குடியிருப்புகளுக்குச் சிதறின. பெரியவர் கண் மூடியதும் அவர் கைத்திறனும் உடன் மறைந்தது. அவர் செய்தவற்றுள் எது நலம் பயந்தது, எது தீங்கு செய்தது என்று சோதித்தறியும் வாய்ப்பும் அதனோடு போயிற்று.

சோதனையில் தேறியது எது?

முதுகுவலி உலகப் பெருநோய். 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 62 கோடி மக்கள் இடுப்பு வலியால் துன்புற்றனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆகவே இருவகைக் கைமருத்துவமும் அண்மைப் பத்தாண்டுகளில் நன்கு சோதிக்கப்பட்டுள்ளன.

முதுகெலும்பை அசைத்துச் சீர்செய்யும் முறை, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மற்ற நல்ல சிகிச்சைகள் அளவுக்கே பயன் தருகிறது என்று 2019-இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு கூறிற்று. மிகுதியாக இல்லை, குறைவாகவும் இல்லை. காது, வயிறு, ஆஸ்துமா முதலிய நோய்களை அது தீர்க்கும் என்ற பால்மர் காலத்துப் பேச்சுக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. உருவுதல் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ வலியைத் தணிக்கிறது; நெடுநாட் பயன் உறுதிப்படவில்லை. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து, உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டுமே இவற்றைக் கருதலாம் என்று வரையறுத்தது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் தானே தணியும் என்றும், மாத்திரைக்கு முன்னர் ஒத்தடம், உருவுதல், முதுகெலும்பு அசைத்தல் போன்றவற்றை நாடலாம் என்றும் அறிவுறுத்தியது.

எனவே, 'இரண்டில் எது சிறந்தது?' என்னும் கேள்விக்கு 'இரண்டும் ஏறத்தாழ ஒன்றே' என்பதே நேர்மையான விடை. அப்படியாயின் தேர்வு எதில் இருக்கிறது? கையைத் தேர்வதற்கு முன் வலியைத் தேர்வதில் இருக்கிறது.

முதலில் அறிய வேண்டுவது

எல்லா முதுகுவலியும் சுளுக்கு அன்று. முதுகெலும்பில் காசநோய் பற்றுவது உண்டு. 1779-இலேயே பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் அதனை விளக்கி எழுதினார். புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதும், முதுமையில் எலும்பு மெலிந்து நொறுங்குவதும் முதுகுவலியாகவே தோன்றும். காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் இளைக்கும்போது வரும் வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்பும் வலி, விழுந்து அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றில் எந்தக் கையும் முதுகைத் தொடலாகாது. கால் வலுவிழந்தாலும், தொடையிடுக்கு மரத்தாலும், சிறுநீர் அடைபட்டாலும் அது ஒரு நாளும் தாமதிக்கத் தகாத நிலை; நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலாக்கா நகரிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன.

கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்குவதில் தனி எச்சரிக்கை வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த செய்திகள், அரிதாயினும், மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சொடுக்குபவர் பட்டம் பெற்றவரா, முடிதிருத்தும் கடைக்காரரா என்பதைக் கழுத்து அறியாது. உருவுவோர் தரப்பிலும் கேடு இல்லாமல் இல்லை. வீங்கிச் சிவந்து சூடேறிய காலை அழுத்தி உருவினால், உள்ளே உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்துக்குச் சூட்டொத்தடம் கொடுத்தால் வெந்துபோவது நோயாளிக்கே தெரியாது. இந்நாட்டு இந்தியர்களிடையே நீரிழிவு மிகுந்திருப்பதால் இது வெறும் அச்சுறுத்தல் அன்று.

சட்டம் தந்த கருவி

முன்னாளில் நல்ல கையைப் பெயரால் அறிந்தனர். அண்டை லயத்தார் சொல்லே சான்றிதழ். நகரில் அண்டை வீட்டாரை அறியாதவனுக்கு வேறு சான்று வேண்டும். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் 775-ஆம் சட்டம் அதற்கு வழி செய்தது. மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களும், ஹோமியோபதியும், கைரோபிராக்டிக்கும், ஆஸ்டியோபதியும், இஸ்லாமிய மருத்துவ முறையும் அதன் கீழ் ஒரே கூரைக்கு வந்தன. சித்த மருத்துவம் இந்திய மரபு மருத்துவத்துள் அடங்கும். அவ்வாண்டின் 774-ஆம் சட்டம் இயன்முறை மருத்துவரை உள்ளிட்ட துணைமருத்துவத் தொழிலினரை ஒழுங்குபடுத்திற்று. கைரோபிராக்டிக் பட்டப்படிப்பும் 2010 முதல் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடைபெற்று வருகிறது. ஆகவே, 'நீர் பதிவு பெற்றவரா?' என்று கேட்பது இன்று அவமதிப்பு அன்று; நோயாளியின் உரிமை.

வேலையிடத்தில் அடிபட்டவர்க்கு இன்னொரு வழியும் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, 2014-இல் மலாக்காவிலேயே துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. ரப்பர்த் தோட்டம் முதலில் எழுந்த மாநிலத்திலேயே, உழைத்து ஒடிந்த உடலை மீட்கும் மையமும் அமைந்தது பொருத்தமே. குலை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், அதைச் 'சுளுக்கு' என்று தானே முடிவு செய்து ஒரு வாரம் எண்ணெய் தேய்த்தபின் அறிவிப்பதைவிட, அன்றே மேலாளரிடம் அறிவித்து மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குவது அறிவுடைமை. உருவிவிடும் கை பின்னரும் இருக்கும். தவறிய பதிவு திரும்பக் கிடைப்பது அரிது.

ஆபத்துக் குறிகள் எவையும் இல்லை என்று தெளிந்தபின் வழி எளிது. உழைத்துக் களைத்த தசைப்பிடிப்புக்கு மெல்ல உருவுதல் இதமானது, செலவும் குறைவு. வாரக்கணக்கில் இறுகி அசையாத இடுப்புக்குப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரோ பதிவு பெற்ற கைரோபிராக்டரோ உதவலாம். எதுவாயினும் நாலைந்து முறைக்குள் குணம் தெரியாவிட்டால் நிறுத்துவது நன்று. முப்பது தடவைக்கு முன்பணம் கேட்பவரிடம் முதுகைவிடப் பணப்பையே முதலில் மெலியும். எந்தக் கை தொட்டாலும், எழுந்து நடப்பதும் இடுப்பை வலுவாக்கும் பயிற்சியும் நோயாளியே செய்ய வேண்டியவை. அவற்றைப் பிறர் கை செய்து தாராது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிவதை முன்வைத்து, தணிக்கும் செயலைப் பின்வைத்தது. லயத்துப் பெரியவருள் சிறந்தவர்களும் அவ்வாறே செய்தனர். காலைத் தொட்டுப் பார்த்து, 'இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ' என்று சொல்லத் தெரிந்தவரையே தோட்டம் 'கைராசிக்காரர்' என்று கொண்டாடிற்று. இன்றும் நல்ல கைக்கு அதுவே அடையாளம்.